எருமைப் பட்டியில் பிறந்தவர்கள்

தேக்கா நிலையத்தின் இறைச்சிக் கடைகளைத் தாண்டி, பஃப்பலோ ரோட்டின் பூக்கடைகளையும் காய்கறிக் கடைகளையும் தாண்டி நடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தெருவின் பெயர் உறைக்கிறதோ! எருமை இப்போது பெயர்ப்பலகையில் மட்டும்தான் இருக்கிறது. கொஞ்சம் தள்ளிக் கெர்பாவ் ரோடு. மலாயில் அதுவும் எருமைதான். அதற்கும் அப்பால் பெலிலியோஸ் ரோடு. பெலிலியோஸ் என்பவர் கல்கத்தாவிலிருந்து வந்து இங்கே மாட்டு வணிகம் செய்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரோச்சோர் ஆற்றோரம் புல்லும் தண்ணீரும் தாராளமாகக் கிடைத்ததால் சிராங்கூன் சாலையின் இந்தப் பகுதி முழுவதும் மாட்டுப் பட்டிகள். பட்டிகளில் நம் ஆட்கள் வேலை செய்தார்கள், பால் கறந்தார்கள், வீடு வீடாக ஊற்றினார்கள். அப்படித்தான் இந்த வட்டாரத்துக்கு எருமைப் பட்டி, அதாவது மலாயில் கண்டாங் கெர்பாவ், என்று பெயர் வந்தது.

அந்தப் பெயரில் ஒரு மருத்துவமனை. சிங்கப்பூரில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமும் 'எங்கே பிறந்தீர்கள்' என்று கேட்டுப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் 'கேகே' என்பார்கள். நானும் அங்கேதான் பிறந்தேன், 1966-ல்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியுடன் அங்கே போனேன். சித்திக்கு 78 வயது. கைத்தடியுடன் நடப்பார், ஆனால் தேக்கா என்றால் கைத்தடிக்கு வேலை குறைந்துவிடும். மட்டன் வாங்கத்தான் வந்தோம். வாங்கியதைக் கடைக்காரரின் குளிர்பெட்டியிலேயே வைத்துவிட்டு, "பழைய ஆஸ்பத்திரிய ஒரு தடவ பாத்துட்டு வருவமா" என்றார் சித்தி. ரேஸ் கோர்ஸ் சாலையைக் கடந்தால் ஹேம்ப்ஷியர் ரோடு. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கட்டடம் அப்படியே நிற்கிறது. ஆனால் அதில் இப்போது இருப்பது நிலப் போக்குவரத்து ஆணையம். மகப்பேறு பார்த்த இடத்தில் வாகனப் பதிவு பார்க்கிறார்கள். இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு காலத்தில் 'போதும், போதும்' என்று பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தப் பாடுபட்ட வளாகம் இது. இப்போது கார்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிறது. 2018 பிப்ரவரியிலிருந்து தனியார் கார்களின் வளர்ச்சி விகிதம் பூஜ்யம்! பிள்ளை விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பு என்றும் இருந்ததில்லை.

வாசலருகே நின்று சித்தி மேல்மாடிகளை அண்ணாந்து பார்த்தார். "எந்த வார்டுன்னு தெரியல. அப்ப எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். எங்க பாத்தாலும் பொம்பளைங்க, எங்க பாத்தாலும் அழுகைச் சத்தம்."

1858-ல் இந்த இடத்தில் பொது மருத்துவமனை இருந்தது. பிறகு பல வேடங்கள் போட்டு, 1924 அக்டோபர் 1-ல் 30 படுக்கைகளுடன் இலவச மகப்பேற்று மருத்துவமனையானது. அதற்கு முன் நம் பெண்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே பெற்றார்கள். மருத்துவச்சியோ மலாய் பீடானோ வந்து பார்ப்பார். தாயும் பிள்ளையும் பிழைத்தால் சாமி புண்ணியம். ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்தவர்கள் பயம் தெளிந்து வரத் தொடங்கியதும், வெள்ளம்போல் வந்துவிட்டார்கள். நான் பிறந்த 1966-ல் இங்கே பிறந்தவர்கள் ஏறக்குறைய 40,000 பேர். நாளொன்றுக்கு 100-க்கும் மேல். ஒரே மகப்பேற்று மருத்துவமனையில் அவ்வளவு பிறப்புகள் உலகில் வேறெங்கும் இல்லை என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. என் அம்மா காலையில் என்னைப் பெற்று, மறுநாள் காலை டாக்சியில் வீட்டில் இருந்தாராம். பத்தியக் குழம்புக்குப் பூண்டு உரித்ததே அவர்தான் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அதில் என்ன பெருமை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சாதனை என்று கின்னஸ் சொன்னதை அன்றைய அரசாங்கம் தலைவலி என்று பார்த்தது. புதிய நாடு. வேலை இல்லை, வீடு இல்லை, பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை. 1957-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். ஆனால் அரசாங்கம் விழித்துக்கொள்வதற்கு வெகு முன்பே சில பெண்கள் விழித்துக்கொண்டிருந்தார்கள்.

போர் முடிந்த கையோடு பசித்த குழந்தைகளுக்கு இலவசச் சாப்பாடு போடும் மையங்கள் திறக்கப்பட்டன. அங்கே தொண்டாற்றியவர்களில் ஒருவர் கான்ஸ்டன்ஸ் கோ. தட்டோடு வரிசையில் நின்ற பிள்ளைகளையும், அவர்களை அனுப்பிவிட்டு வயிற்றில் இன்னொன்றைச் சுமந்துகொண்டிருந்த தாய்மாரையும் பார்த்தார். சோறு போட்டால் மட்டும் தீராது என்று அவருக்குப் பட்டது. 1949-ல் அவரும் நண்பர்களும் சேர்ந்து குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. கண்டனம் ஒருபுறம் இருக்க, பெண்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். 1952-ல் பம்பாயில் அனைத்துலகக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சம்மேளனம் உருவானபோது அதைத் தொடங்கிய எட்டு நாட்டுச் சங்கங்களில் குட்டி சிங்கப்பூரின் சங்கமும் ஒன்று. இந்தியாவின் தன்வந்தி ராமா ராவும் அமெரிக்காவின் மார்கரெட் சேங்கரும் அதன் முதல் கூட்டுத் தலைவர்கள். நாம் பள்ளியில் படித்த வரலாற்றில் இந்தப் பெயர்கள் எங்கே வந்தன?

1966-ல் அரசாங்கமே குடும்பக் கட்டுப்பாடு, மக்கள்தொகை வாரியத்தை அமைத்துப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. தாய்சேய் நல மருந்தகங்களில் தடுப்பூசி போடக் குழந்தையைத் தூக்கி வரும் தாயிடம் அப்படியே கருத்தடை பற்றியும் பேசினார்கள். கேகேயில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தவர்களிடமும் படுக்கையருகே வந்து பேசினார்கள். மாத்திரை மிகக் குறைந்த விலையில் கிடைத்தது.

இந்த இடத்தில் சித்தியின் கதையைச் சொல்ல வேண்டும். பெயர் போட மாட்டேன் என்ற நிபந்தனையின் பேரில் அனுமதி கிடைத்திருக்கிறது.

சித்திக்கு 1967-ல் கல்யாணம். அடுத்த ஆண்டு ஒரு பெண், 1970-ல் இன்னொரு பெண். மாமியாருக்குப் பேரன் வேண்டும். சித்தப்பா நல்லவர், ஆனால் அம்மா எதிரே வாய் திறக்காத நல்லவர். இரண்டாவது பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் ஒரு தமிழ்த் தாதி சித்தியைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருக்கிறார்.

"என் உடம்ப பத்தி என்கிட்டயே ஒருத்தர் கேட்டது அதுதான் மொத தடவ" என்றார் சித்தி. "மாசா மாசம் எப்ப வருது, வலி இருக்கா, உனக்கு இன்னும் பிள்ள வேணுமான்னு கேட்டாங்க. எனக்கு வேணுமான்னு! அதுவரைக்கும் யாரும் கேக்கல பிள்ள."

மாத்திரை அட்டையை மைலோ டின்னில், மைலோவுக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றி மறைத்து வைத்தார். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு டின்னைத் திறப்பார். இரண்டு ஆண்டு ஓடியது. ஒருநாள் மாமியார் மைலோ கலக்கக் கரண்டியை ஆழமாக விட்டுவிட்டார். அட்டை குப்பைக்குப் போனது. "வீட்டுல மூணு நாள் எழவு விழுந்த மாதிரி" இருந்ததாம். 1973-ல் மூன்றாவது பிள்ளை. அதுவும் பெண்.

அதற்குள் ஊர் மாறியிருந்தது. 1972-ல் 'இரண்டோடு நிறுத்துங்கள்' இயக்கம் தொடங்கி, சுவரெல்லாம் நான்கு மொழிகளிலும் சுவரொட்டிகள். இரண்டு சிறுமிகள் ஒரே குடைக்குள் நின்று ஓர் ஆப்பிளைப் பகிர்ந்துகொள்ளும் படம் நம் தலைமுறைக்கு மறக்காது. ஆணானாலும் பெண்ணானாலும் இரண்டே போதும் என்பது செய்தி. சித்தி அந்தப் படம் போட்ட நாட்காட்டியைக் கொண்டுவந்து கூடத்தில், மாமியார் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டினார்.

"அரசாங்கம் சொல்லுது, நான் என்ன பண்ண, அப்டின்னேன். மாமியார்கிட்ட நான் சொல்ல முடியாதத லீ குவான் இயூ சொல்லிட்டாரு. அதுக்கு மேல கெழவி என்ன பேசும்?" மூன்றாவது பிரசவம் முடிந்ததும் சித்தி கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பேரன் ஆசை மாமியாருக்குக் கடைசிவரை போகவில்லை. "மூணாவதுதான் இப்ப எனக்குச் சோறு போடுறா" என்று நான் கேட்காமலேயே சொல்லிவிட்டு, ஹேம்ப்ஷியர் ரோட்டுத் திட்டில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டார்.

சித்திக்குக் கைகொடுத்த அதே இயக்கம் எல்லாருக்கும் கைகொடுத்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். 1973-லிருந்து மூன்றாவது, நான்காவது பிள்ளைக்குப் பிரசவக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. மூன்றாவது பிள்ளைக்குச் சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்பு கிடையாது. தொடக்கப்பள்ளிப் பதிவில் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். பெற்றோர் கருத்தடை செய்துகொண்டால் பிள்ளைக்குப் பள்ளியில் முன்னுரிமை என்றும் ஆனது. வசதியுள்ளவர்களுக்கு இவை சில்லறைத் தொல்லை. தினக்கூலிக் குடும்பத்துக்கு அப்படியில்லை. எங்கள் பழைய புளோக்கில் நான்காவதாகக் கருவுற்ற ஓர் அக்கா, மருந்தகத்துக்குப் போனால் ஏசுவார்கள் என்று பயந்து ஏழாம் மாதம்வரை எங்கும் போகவில்லை. உதவ வேண்டிய இடமே பயமுறுத்தினால் மறைந்துதானே இருப்பார்கள்.

உச்சம் 1984-ல் வந்தது. பட்டதாரித் தாய்மார் மூன்று பெறலாம், அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முன்னுரிமை. படிப்பும் வருமானமும் குறைந்த, 30 வயதுக்குட்பட்ட பெண் ஒன்றிரண்டோடு நிறுத்திக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டால் மத்திய சேம நிதியில் 10,000 வெள்ளி. பட்டதாரித் திட்டத்தின் பள்ளி முன்னுரிமை மக்கள் எதிர்ப்பால் மறு ஆண்டே கைவிடப்பட்டது. என் பார்வையில் அந்தப் 10,000 வெள்ளிதான் கூடுதல் உறுத்தல். 'உனக்கு வேணுமா' என்று சித்தியிடம் கேட்ட தாதியின் கேள்வி அங்கே இல்லை. பதிலை முன்கூட்டியே எழுதி, விலையும் போட்டுவிட்டார்கள்.

கருக்கலைப்புச் சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1969 இறுதியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 1970-ல் நடப்புக்கு வந்தது. 1974-ல் மேலும் தளர்த்தப்பட்டது. அதற்கு முன் சந்துகளில் ரகசியமாக நடந்தவற்றால் இதே கேகேக்கு உயிருக்குப் போராடியபடி வந்த பெண்கள் உண்டு. சித்தி தலைமுறையைக் கேட்டால், பெயர் சொல்லாமல் தலையை மட்டும் அசைப்பார்கள். இன்று 24 வாரம்வரை சட்டப்படி செய்யலாம். ஆலோசனைக்குப் பிறகு 48 மணி நேரம் பொறுத்திருந்து முடிவெடுக்க வேண்டும். நெடுங்காலம் அந்த ஆலோசனை எல்லாருக்கும் கட்டாயமாக இருக்கவில்லை. தொடக்கப்பள்ளித் தேர்வில் தேறாதவர்களும் வெளிநாட்டவர்களும் விலக்கப்பட்டிருந்தார்கள். 2015-ல்தான் அனைவருக்கும் என்றானது. படிக்காத பெண்ணுக்குத்தானே பொறுமையாக விளக்கம் சொல்ல ஆள் வேண்டும்?

சித்தி எழுந்துகொண்டார். புதிய கேகே நடக்கும் தூரத்தில்தான். 1997-ல் புக்கிட் தீமா சாலைக்கு மாறியது. போகும் வழியில் பேராசிரியர் எஸ்.எஸ்.ரத்னத்தைப் பற்றிச் சொன்னேன். இலங்கையில் பிறந்த தமிழர். பழைய கேகேயில் 1971-ல் சிங்கப்பூரின் முதல் பாலின மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தவர். 1983-ல் சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்கக் காரணமான குழுவின் தலைவரும் அவரே. "நம்ம ஆளா?" என்று நின்றுவிட்டார் சித்தி. நம்ம ஆள்தான். ஆணுடலில் பெண்ணாக வாழ்ந்து தவித்தவர்களை 1971-லேயே நோயாளி என்று மதித்து உட்காரவைத்துப் பேசிய மருத்துவர். நம் சமூகம் அவரை இன்னும் சரியாகக் கொண்டாடவில்லை என்பது என் மனக்குறை.

புதிய கேகேயில் மகளிர் கட்டடம் ஒன்று, சிறார் கட்டடம் ஒன்று. ஞாயிறானதால் கூட்டம் குறைவு. 1987-ல் 'முடிந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள்' என்று அரசாங்கம் முழக்கத்தைத் திருப்பிப்போட்டது. ஊர் கேட்கவில்லை. 1975-லேயே பிறப்பு விகிதம் ஈடுகட்டும் அளவுக்கு இறங்கிவிட்டது. 2023-ல் 0.97. முதல்முறையாக ஒன்றுக்கும் கீழே! 40,000 பிள்ளைகள் பிறந்த மருத்துவமனையின் வாரிசில் இன்று பிள்ளைக்காக ஏங்கி வருபவர்களுக்குத் தனி மையம் இருக்கிறது. 2023 ஜூலையிலிருந்து 21 முதல் 37 வயதுப் பெண்கள் மருத்துவக் காரணம் இல்லாமலேயே கருமுட்டையை உறையவைத்துப் பாதுகாக்கலாம். ஆனால் அதைப் பயன்படுத்தச் சட்டப்படி திருமணம் ஆகியிருக்க வேண்டும். சித்திக்கு இதை விளக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. கருமுட்டை என்ற சொல்லிலேயே பாதி நேரம் போயிற்று. கடைசியில், "ஐஸ் பொட்டியில வெக்கிறாங்களா? அப்ப மைலோ டின் எவ்வளவோ மேல்" என்றார்.

சிரித்தாலும் அந்தப் பத்து நிமிடம் மனத்தில் நிற்கிறது. உடம்பின் இந்தப் பகுதியைப் பற்றி வீட்டில் தமிழில் பேச நம்மிடம் சொற்கள் இல்லை என்பதல்ல. இருக்கின்றன, வாயில் வருவதில்லை. 'அது', 'அங்க', 'கீழ' என்றே மூன்று தலைமுறை ஓட்டிவிட்டோம். பள்ளிகளில் பாலியல் கல்வி இருக்கிறது. பெற்றோர் விரும்பாவிட்டால் பிள்ளையை அந்த வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிற பெற்றோரில் எத்தனை பேர், வகுப்பு சொல்லித் தராததை வீட்டில் தாங்களே சொல்லித் தருகிறார்கள்?

சித்தியை டாக்சியில் ஏற்றிவிட்டு, குளிர்பெட்டியில் விட்ட மட்டனுக்காக நான் திரும்பத் தேக்காவுக்கு நடந்தேன். மாலையாகிவிட்டது. ஞாயிறு மாலைத் தேக்கா ஊழியர்களுடையது. 2013 டிசம்பர் 8-ல் ஓர் ஊழியர் பேருந்தில் சிக்கி இறந்து, கலவரம் வெடித்த சந்திப்பும் பழைய கேகேக்குப் பக்கத்தில்தான். தஞ்சாவூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்த தம்பிமார் திடல்களில் கூட்டமாக உட்கார்ந்து கைப்பேசியில் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு பிரிவு. அவர்களுடைய உடம்புக்கும் தேவைகளும் சந்தேகங்களும் நோய்களும் உண்டு என்பதை இந்த ஊர் அதிகம் பேசுவதில்லை.

வீட்டுப் பணிப்பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. கர்ப்பம் உண்டா என்று பார்ப்பார்கள், மேகநோய் உண்டா என்று பார்ப்பார்கள். வேலை அனுமதி நிபந்தனைப்படி அவர்கள் இங்கே கருவுறக் கூடாது. தெரிந்தால் வேலை போகும், ஊருக்குப் போக வேண்டும். வேலை அனுமதி உள்ளவர்கள் சட்டப்படி கருக்கலைப்புச் செய்துகொள்ள முடியும் என்பது எத்தனை பணிப்பெண்களுக்குத் தெரியும்? கருத்தடை பற்றி அவர்களிடம் அவர்கள் மொழியில் யார் பேசுகிறார்கள்? சித்திக்கு 1970-ல் கிடைத்த தாதி, இன்று நம் வீட்டுச் சமையலறையில் நிற்கும் பெண்ணுக்கு வாய்ப்பாரா? அவருக்கு மாதத்தில் ஒரு நாளாவது தனியாக மருந்தகம் போய்வர விடுகிறோமா என்பது முதலாளிகளான நம்மிடம் கேட்க வேண்டிய கேள்வி.

தேக்காவிலிருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்தால், 2017-ல் மூடப்பட்ட சுங்கை ரோடு பழைய பொருள் சந்தைக்கு அருகே கிளந்தான் லேன் இருக்கிறது. அங்கே டி.எஸ்.சி. என்ற பால்வினை நோய் மருந்தகம் பல ஆண்டுகளாக இயங்குகிறது. மட்டன் பையோடு அந்தப் பக்கமும் போனேன். எச்ஐவி பரிசோதனையை அங்கே பெயர் கொடுக்காமல் செய்துகொள்ளலாம். அடையாள அட்டை கேட்க மாட்டார்கள், ஓர் எண் மட்டும் தருவார்கள். ஞாயிறன்று கதவு மூடியிருந்தது. ஊழியர்களுக்கு விடுமுறை கிடைப்பது ஞாயிறன்று.

கீழே காப்பிக்கடையில் தே குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் இரண்டு தம்பிமார் இருந்தார்கள். ஒருவர் என்னிடம், "அக்கா, தமிழ் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். மேல்மாடிப் பக்கம் கண்ணைக் காட்டி, "இந்த ஆஸ்பத்திரி என்னைக்குத் தெறந்திருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார். யாருக்கு, எதற்கு என்று நான் கேட்கவில்லை. வார நாள்களில் வர வேண்டும், பேர் கேட்காத பரிசோதனை என்றால் முன்கூட்டியே நேரத்தை விசாரித்துக்கொள்ள வேண்டும் என்றேன். கைப்பேசியில் எண்ணைத் தேடி எடுத்துக் காட்டினேன். அவர் தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, பெயர் போடும் இடத்தில் சிறிது யோசித்து, 'பல் டாக்டர்' என்று தட்டச்சு செய்தார்.